ஊர்க் காடி

சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டு வாசலில் 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் என் பெயரில். சட்டப்படி எனக்கும் அதற்கும் உள்ள உறவு அதோடு சரி. மற்ற எல்லா வகையிலும் அது ஊருக்குச் சொந்தம். எப்போது கழுவ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், என்ன நிறம் அடித்திருக்க வேண்டும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றெல்லாம் முடிவெடுப்பவர்கள் வேறு ஆட்கள். செலவு மட்டும் நான்.

மைவி மாதிரிப் புதுக் கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் பாட்டுக்கு ஏறுகிறார், போகிறார், இறங்குகிறார். அவரை வழிமறித்து, "எங்க அப்பாவும் இதே காடிதான் வச்சிருந்தாரு" என்று எவரும் கண் கலங்குவதில்லை. நான் டத்தோ கிராமட் சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றால் போதும், பக்கத்து வண்டியின் கண்ணாடி இறங்கிவிடும். பசியாறப் போனால் இன்னும் மோசம். ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார்.

"என்ன வருஷம் இது?"

"அம்பத்தொம்பது."

"எங்க அப்பாகிட்ட அம்பத்தேழு இருந்துச்சு. சாம்பல் கலரு. நான் ஓட்டப் பழகுனதே அதுலதான். கடைசியில வித்துட்டாரு. எவ்வளவுக்குத் தெரியுமா? முந்நூறு வெள்ளி!"

இந்தக் கதையைத் தமிழர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சீனர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மலாய்க்காரர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். காரின் நிறம் மாறும், அப்பா தாத்தாவாக மாறுவார், முந்நூறு வெள்ளி மட்டும் மாறவே மாறாது. அந்தக் காலத்தில் மோரிஸ் மைனரை விற்பதற்கு அரசாங்கமே ஒரு விலையைக் கெஜட்டில் போட்டிருந்ததோ என்னவோ. சொல்லி முடித்ததும் அவர்கள் என் காரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது அவர்களுடைய காரை நான்தான் முந்நூறு வெள்ளிக்கு அமுக்கிவிட்டேன் என்கிற பார்வை.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மலாயாவில் தோட்டத்துக் கிராணி, டிரஸ்ஸர், பள்ளி வாத்தியார் என்று சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிந்தவர்கள் முதலில் ஏறி உட்கார்ந்த கார்களில் இதுவும் ஒன்று. 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இதை முதலில் வெளியே காட்டினார்கள். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், ஸ்மிர்னாவில் பிறந்த கிரேக்க வம்சத்துக்காரர், பிற்பாடு மினி காரையும் உருவாக்கியவர். மாதிரிக் கார் தயாராகி எல்லாம் முடிந்த நேரத்தில், ஒல்லியாக இருக்கிறதே என்று அவருக்கு மனசில் பட்டிருக்கிறது. காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் விலகியதும் போதும் என்று நிறுத்தினார். பானெட்டின் நடுவில் இன்றைக்கும் ஓடுகிற தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். அதற்குள் பம்பர்களைச் செய்து முடித்திருந்தார்கள். அவற்றையும் வெட்டி, நடுவில் ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் "வெட்டி ஒட்டிடலாம், அங்கிள்" என்கிறார்களே, அது பரம்பரைத் தொழில் நுட்பம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்குக் காரின் முகமே பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்துவிட்ட முட்டை என்றார். முட்டை 16 லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். 1971 வரை செய்தார்கள். இந்தியாவில் இதே காருக்கு பேபி ஹிந்துஸ்தான் என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். அம்பாசடரோ இதன் பெரிய அண்ணன் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் என் காரைப் பார்த்ததும் "அம்பாசடர் குட்டி போட்டிருக்கு" என்பார்கள். உறவுமுறையில் பெரிய பிழையில்லை.

வாங்கிய கதைக்கு வருகிறேன். பழைய கார் வைத்திருப்பதைவிடப் பழைய கார் தேடுவதில்தான் சுகம் அதிகம். செலவு இல்லை, கையில் கிரீஸ் ஒட்டாது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காரணம் கிடைக்கும். தேடப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது எஞ்சினைப் பற்றி அல்ல. "கிரான் இருக்கா?" என்றுதான் கேட்க வேண்டும். பதிவுப் பத்திரம் இல்லாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் தோட்டத்தில் பூந்தொட்டி வைக்கத்தான் ஆகும். ஜெலுத்தோங்கில் ஒரு சீனர் வீட்டில் நல்ல கார் ஒன்று இருந்தது. கிரான் இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து காட்டினார். பெயர் வேறாக இருந்தது. ஓனர் எங்கே என்றேன்.

"பத்து கந்தோங்."

பினாங்குக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பத்து கந்தோங் இங்கே சீனர்களின் மயானம். அவர் அப்பா அங்கே போய்ப் பல காலம் ஆகியிருந்தது. பெயர் மாற்ற வேண்டுமானால் எட்டுப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் பெர்த்தில், ஒருவர் டொராண்டோவில், இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. காரைச் சுற்றி வந்து, தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விளம்பரங்களில் எல்லாக் காருக்கும் 'எஞ்சின் சிஹாட்' என்று போட்டிருப்பார்கள், அதாவது எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதாம். சுங்கை பட்டாணியில் அப்படி ஒன்றைப் பார்க்கப் போய், பானெட்டைத் தூக்கினால் உள்ளே சிமெண்டுத் தரை தெரிந்தது. எஞ்சின் எங்கே என்றேன். "அடுப்பங்கரையில இருக்கு சார். சிஹாட்." போய்ப் பார்த்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். உண்மையிலேயே ஆரோக்கியமாகத்தான் இருந்தது. இன்னொரு ஊரில் டிராவலர் என்கிற ரகம் கிடைத்தது. மைனரிலேயே பின்பக்கம் மரச்சட்டத்தில் கட்டிய வண்டி அது. மரம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல, பின்பாதி உடம்பைத் தாங்குவதே அந்த மரம்தான். இங்கிலாந்தில் அதற்கு ஈரம்தான் எதிரி. நம் ஊரில் கறையான். விற்பவர் கதவைத் திறந்து காட்டினார், கதவு அவர் கையோடு வந்தது. அவர் சற்றும் அசராமல், "கதவு தனியா கழட்டிப் பாக்கலாம், நல்ல வசதி" என்றார். அப்படிப்பட்ட மனிதரிடம் பேரம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தத் தேடலின்போது அக்காள் மகன் கூடவே வந்தான். அவனுக்கு வயது இருபத்து நான்கு. மைனரில் அவனுக்குப் பெரிய ஆர்வமில்லை. "மாமா, வின்டேஜ் வேணும்னா ஒரு பழைய சாகா வாங்கலாம். இப்ப அதுக்குத்தான் மவுசு" என்றான். புரோட்டோன் சாகா! 1985இல் வெளிவந்தபோது நாட்டின் முதல் கார் என்று தெருவே கூடி நின்று பார்த்தது. நான் வேலைக்குச் சேர்ந்து தவணையில் எடுத்த முதல் புதுக் கார் அது. அதைப் பழம்பொருள் என்கிறான். பினாங்குப் பாலமும் அதே 1985இல் திறந்ததுதான், அதை யாரும் பழம்பொருள் என்று சொல்லி மெருகு போட்டுக் கண்காட்சியில் வைக்கவில்லை. இதை அவனிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் என் தலைமுடியைப் பார்த்தான்.

கடைசியில் பாலிக் புலாவில், ஒரு ரம்புத்தான் மரத்தடியில் கிடைத்தது. கிரான் இருந்தது, ஓனரும் உயிரோடு இருந்தார். விலையைச் சொல்ல மாட்டேன், என் மனைவி இந்தப் பத்திரிகையைப் படிப்பவர். பெயர் மாற்றுவதற்கான பரிசோதனை நிலையத்தில் இருந்த பையன்கள் சேஸிஸ் நம்பரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆளுக்கொரு செல்ஃபி எடுத்து முடித்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டின் கம்ப்யூட்டரில் 1959 என்ற ஆண்டே இல்லை. "அங்கிள், எண்பதுன்னு போட்டுக்கவா?" என்றார். இருபத்தோரு வயதை இப்படிக் குறைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் கேட்டது காருக்கு.

ஒரே ஒரு மகிழ்ச்சி ரோட் டாக்ஸ். எஞ்சின் 948 சிசி. மலேசியாவில் 1000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு வருடத்துக்கு 20 வெள்ளிதான். இதை வீட்டில் நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மற்ற செலவுகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த 20 வெள்ளியைத்தான் முன்னால் நிறுத்துவேன். சார்ல்ஸ் வேர் என்றொரு ஆங்கிலேயர், பாத் நகரத்தில் மோரிஸ் மைனருக்கென்றே பட்டறை நடத்தியவர். பழைய காரை ஒழுங்காகப் பராமரித்து ஓட்டுவது புதுக் கார் வாங்கி விலை இழப்பதைவிடச் சிக்கனம் என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். அதையும் மனைவியிடம் சொன்னேன். "அவரு பொண்டாட்டி என்ன சொன்னாங்கன்னு அதுல எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை.

உதிரிப்பாகம் வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கலாம். இன்னொரு வேடிக்கை, அங்கே விற்ற தகரப் பாகங்களில் ஒரு பகுதி இலங்கையில் செய்தது. அதே சார்ல்ஸ் வேரின் முயற்சியில் 1990களில் காலி நகரத்தில் மைனருக்கான மட்கார்டும் மற்ற தகரங்களும் அடிக்கும் பட்டறை ஒன்று தொடங்கி, இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். அவர்கள் நம் பக்கம் கார் அனுப்பினார்கள், நம் பக்கத்திலிருந்து மட்கார்டு போனது. கணக்கு நேராகிவிட்டது.

அவசரத்துக்கு லோரோங் கூலிட் சந்தை இருக்கிறது. சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிக் காலையில் கூடும் பழைய சாமான் சந்தை. அங்கே தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய ஐந்து சென் காசு, ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் வரிசையாக இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கண்டதும் கண் விரியக் கூடாது. முதலில் செருப்புக்கு விலை கேட்க வேண்டும், பிறகு ஆல்பத்துக்கு. போகிற போக்கில் "இது என்னா சாமான்?" என்று மூடியைக் காலால் தொட வேண்டும். இத்தனையும் முறைப்படி செய்து முடித்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மோரிஸ் மைனர் பாஸ்தானே நீங்க? சுங்கை பினாங்கு? காடி வாசல்ல பாத்திருக்கேன்" என்றார். விலை மூன்று மடங்காயிற்று. ஊர்க் காடி வைத்திருப்பவனுக்கு முகமூடி கிடையாது.

பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டிய சீன அங்கிள். அவரிடம் அங்குல ஸ்பானர் செட் ஒன்று இருக்கிறது. இந்தத் தீவில் என் காரின் ஆயுள் அந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. இளம் ஃபோர்மன்களிடம் மில்லிமீட்டர் ஸ்பானர்தான். அரை அங்குல நட்டுக்கு 12 நுழையாது, 13 ஆடும், ஆடினால் நட்டின் மூலை மழுங்கும். கூடவே இந்தக் காருக்கு பாசிட்டிவ் எர்த். இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவை உடம்போடு சேர்ப்பார்கள், இதில் பாசிட்டிவைச் சேர்த்திருப்பார்கள். அக்காள் மகன் புளூடூத் ரேடியோ மாட்டித் தருகிறேன் என்று வாங்கியே வந்துவிட்டான். அங்கிள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மாட்டலாம். ஒரு பாட்டு கேக்கலாம். ஒரே ஒரு பாட்டு" என்றார். ரேடியோ இப்போது அவன் அறையில் இருக்கிறது.

முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்கிறது கையேடு. அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அங்கிளைக் கேட்டேன். இரண்டு உள்ளங்கையையும் நேராக நிறுத்தி, ஒன்றை மட்டும் மெதுவாகப் படுக்க வைத்தார். அதற்கு மேல் அவர் விளக்கவுமில்லை, நான் கேட்கவுமில்லை. சாப்பாட்டை மறந்தாலும் கிரீஸை மறப்பதில்லை.

காலையில் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்பு டிக் டிக் டிக் என்று அடிக்கும். அடித்து நின்றால் எண்ணெய் வந்துவிட்டது என்று பொருள். பிறகு சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். சில காலைகளில் டிக் வராது. சும்மா நின்ற வண்டியில் பம்பின் உள்ளே இருக்கும் தொடுமுனைகளில் படிந்த கரி தடுத்துவிடும். அப்போது பானெட்டைத் தூக்கிப் பம்பை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். என் மனைவிக்கு ஸ்பானர் வேண்டாம், காலில் கிடக்கும் ரப்பர் செருப்பே போதும். ஒரே அடி, எண்ணெய் வந்துவிடும். மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு, சேலையைச் சரி செய்துகொண்டு உட்காருவாள். கோயில் வாசலில் இதைப் பார்த்த ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க" என்றார்.

ஓட்டுவது பெரிய விஷயமல்ல. வேகமாகப் போகாத வண்டியில் ஆபத்து குறைவு. முதல் கியருக்கு வண்டி முழுதாக நின்றாக வேண்டும், ஓட்டத்தில் போட்டால் பல்லைக் கடிக்கும். குளிர்ச்சிக்கு முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று நேராக நெஞ்சுக்கு வரும். பகல் இரண்டு மணிக்கு ஜெலுத்தோங் சாலையில் வரும் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் அக்கரைக்குப் போக ஃபெரி இருந்தது. காரை ஏற்றி நிறுத்திவிட்டால் எஞ்சினும் ஆறும், நானும் ஆறுவேன். 2020 முடிவோடு கார்களுக்கு ஃபெரி நின்றுபோயிற்று, இப்போது இரு சக்கர வண்டிகளுக்கும் ஆட்களுக்கும் மட்டும்தான். ஆகவே பாலம். மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலின் மேல். எண்பதில் போகலாம் என்று பலகை சொல்கிறது. நாங்கள் அறுபதில் போவோம். பின்னால் வரும் லோரி ஹாரன் அடிக்கும், பக்கத்தில் வந்து பார்க்கும், பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகும். திட்டு வாங்காமல் சாலையை அடைத்துக்கொண்டு போக இந்நாட்டில் அமைச்சருக்கும் மோரிஸ் மைனருக்கும்தான் முடியும்.

திரும்புவதுதான் சிக்கல். 1961க்கு முந்தைய மைனரில் கண் சிமிட்டும் விளக்கு கிடையாது. இரண்டு கதவுக்கு நடுவில் இருக்கும் தூணிலிருந்து கைகாட்டி ஒன்று வெளியே எழும், நுனியில் மஞ்சள் வெளிச்சத்தோடு. ரயில் நிலையத்துக் கைகாட்டியின் பேரப்பிள்ளை. இன்றைக்கு யாருக்கும் அதன் அர்த்தம் தெரிவதில்லை. கதவு உடைந்து தொங்குகிறது என்று எச்சரிக்கிறார்கள். சிலர் அதைப் பார்த்துத் திரும்பக் கையசைக்கிறார்கள். வலப்பக்கத்துக் கைகாட்டி இப்போது எழுவதை நிறுத்திவிட்டதால் ஜன்னல் வழியே என் சொந்தக் கையை நீட்டுகிறேன். டத்தோ கிராமட் சாலையில் மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன் அந்தக் கையில் பளாரென்று ஒரு தட்டுத் தட்டி, "ஹாய் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதிக்குள் காரைக் கொண்டுபோவது தனிப் பாடு. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த பிறகு அங்கே எதுவும் சும்மா பழையதாக இருக்க முடிவதில்லை. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜக்கரேவிச் சுவர்களில் வரைந்தார். ஆ குவீ தெருவில் நிஜமான பழைய மோட்டார் சைக்கிளைச் சுவரோடு வைத்து, அதில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பதாக ஓவியம். அதற்கு இரண்டு தெரு தள்ளி என் கார் சூடாகி நின்றது. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். வந்து பார்த்தால் காருக்கு முன்னால் வரிசை. குடை பிடித்த அம்மாக்கள், மூன்று கால் கேமரா வைத்த பையன்கள். நான் ரேடியேட்டர் பக்கம் போனதும் ஒரு பெண் மிகவும் பணிவாக, படத்தில் மறைக்கிறேன், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தள்ளி நின்றேன். வரிசை முடிந்த பிறகு தண்ணீர் ஊற்றினேன்.

கல்யாணம் இன்னொன்று. உறவில் எவன் கல்யாணம் செய்தாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் கார். கேட்பதில்லை, பத்திரிகை கொடுக்கும்போதே "காடிய கழுவி வச்சிருங்க மாமா" என்பார்கள். 948 சிசி எஞ்சினுக்கு நம் மாப்பிள்ளைகளின் எடையைப் பற்றி இசிகோனிஸ் சொல்லாமல் போய்விட்டார். ஒருமுறை மாப்பிள்ளையும் இரண்டு தோழர்களும் பின்னால் ஏறியதும் கார் முகத்தைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தது. மேளக்காரர்கள் எங்களைவிட வேகமாக நடந்தார்கள்.

வாங்கிய புதிதில் முனீஸ்வரர் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தபடியே பூசாரி கேட்டார், "புதுக் காடியா?"

"எங்களுக்குப் புதுசு."

"காடிக்கு என்ன வயசு?"

சொன்னேன். அவர் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து நிமிர்ந்தார். "அறுபதை நெருங்கிருச்சா? அப்போ அறுபதாம் கல்யாணம்ல பண்ணணும். ஜோடி எங்க?"

என் மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்னைக் காட்டினாள்.

மழைக்காலத்தைச் சொல்லாமல் சுங்கை பினாங்கைப் பற்றி எழுதக் கூடாது. கடலில் நீர் ஏறும் நேரமும் மேலே மழை கொட்டும் நேரமும் ஒன்றாகிவிட்டால் ஆற்றுக்குப் போக இடமிருக்காது, எங்கள் தெருவுக்கு வரும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் தீவே மிதந்தது. நள்ளிரவுக்குப் பிறகு எல்லாரும் வண்டிகளை மேட்டுக்கு எடுக்கப் பார்த்தார்கள். மைனர் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக்சிக், எதிர்வீட்டுச் சீனக் குடும்பம், மாடி வீட்டுத் தம்பிமார் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். தங்கள் கார்களை விட்டுவிட்டு என் காரைத் தள்ளினார்கள். என் கண்ணில் நீரே வந்துவிட்டது. பிறகுதான் பாக்சிக் சொன்னார், தெருமுனையை என் கார்தான் அடைத்துக்கொண்டிருந்ததாம், அதைத் தள்ளாமல் யாரும் வெளியே போக முடியாதாம். வெள்ளம் வடிந்த பிறகு புதுக் கார்களின் கம்ப்யூட்டர்கள் போய், இழுவை லோரிகள் வரிசையாக வந்தன. மைனரின் கதவுகளைத் திறந்து வெயிலில் வைத்தோம். அதில் கெடுவதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது. இருக்கைக்கு அடியில் ஒரு கெளுத்தி மீன் இருந்ததாகத் தெருவில் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் ஊர் சொல்கிறது, ஊர்க் காடி, மறுக்க எனக்கு உரிமையில்லை.

என் காரை மிஞ்சிய வண்டி பினாங்கில் ஒன்று இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் போகும் நகரத்தார் வெள்ளி ரதம். காரைக்குடியில் செய்து 1894இல் இங்கே வந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை எடுத்து அப்போது எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. ரதத்தை இழுப்பவை இன்றும் மாடுகள். கிரான் கேட்பாரில்லை, ரோட் டாக்ஸ் இல்லை, இன்சூரன்ஸை முருகனே பார்த்துக்கொள்கிறான், வழியெல்லாம் தேங்காய் உடைத்து வரவேற்கிறார்கள். பட்டறை அங்கிளிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். "மாடு நல்ல எஞ்சின். ஸ்பேர் பார்ட்ஸ் தானே செய்யும்" என்றார்.

அவ்வப்போது காரை விலைக்குக் கேட்கவும் வருகிறார்கள். போன மாதம் நல்ல உடுப்பில் ஒரு இளைஞர் வந்தார். மிகப் பெரிய தொகை சொன்னார். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. காரை எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "கார் வேணாம் அங்கிள். நம்பர் பிளேட் மட்டும் போதும்" என்றார். பி என்று தொடங்கும் பழைய பினாங்கு நம்பர், அவருடைய புது ஜெர்மன் காருக்கு வேண்டுமாம். நான் பதில் சொல்வதற்குள் பாக்சிக் குறுக்கே வந்து, விற்பதற்கில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. தெரு முழுக்க அவர் பக்கம்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆயர் ஈத்தாமிலோ பட்டர்வொர்த்திலோ, ஈப்போவிலோ தாப்பாவிலோ, உங்கள் தாத்தா வீட்டு ஸ்டோர் ரூமில் முக்கால் அடி நீளத்தில், நுனியில் மஞ்சள் பிளாஸ்டிக் வைத்த ஒரு தகரக் கை கிடந்தால், அதைப் பழைய பேப்பர் லோரிக்குப் போட்டுவிடாதீர்கள். பத்திரிகை அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் அனுப்புங்கள், தபால் செலவும் என்னுடையது. வலப்பக்கத்துக் கையாக இருந்தால் நல்லது. இடப்பக்கம் இன்னும் வேலை செய்கிறது.